பொலிஸ் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது என்று கேளுங்கள்

(தோட்ட மகளிர் சங்கக் கூட்டமொன்றில் எமது நிதியத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேசமாட்டோம். இன்றைக்குப் பேச வந்தது பொலிசில் முறைப்பாடு கொடுப்பதைப் பற்றி. கோழி களவு, வாய்ச் சண்டை இதெல்லாம் இல்லை. வெட்டுக் குத்து, எலும்பு முறிகிற அடி, பிள்ளைகளுக்கு நடக்கிற கெட்ட காரியம், சந்தேகமான சாவு போன்ற பெரிய குற்றங்களைப் பற்றித்தான்.

இந்த மாதிரி ஒன்று நடந்தால் நம்முடைய லயத்தில் முதலில் என்ன செய்கிறோம்? தலைவரைக் கூப்பிடுகிறோம். பிறகு கோயில் கமிட்டி, அதற்கும் அடங்காவிட்டால் ஆபீசில் தொரை. பொலிசுக்குப் போவது கடைசியில். போனாலும், “எண்ட்ரி போட்டாச்சு” என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறோம். அந்த எண்ட்ரியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் ஒரு காலத்தில் கேட்காமல் இருந்தவர்கள்தான். அதனால் எங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிவிசனில், காய்கறித் தோட்டத்து எல்லைத் தகராறில், பக்கத்துக் காம்பிராக்காரர் ஒருவர் ஓர் அம்மாவைப் பொல்லால் அடித்துவிட்டார். வலது கை முறிந்தது. கொழுந்து எடுக்கிற கை. தோட்ட டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மகன் தலைவரைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனார். அன்றைக்குக் கடமையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. தலைவர் தெரிந்த சிங்களத்தில் பாதியும் கைச்சாடையில் பாதியுமாகச் சொன்னார். அவர் எழுதினார், மகன் கையெழுத்து வைத்தார். எங்களிடம் வந்து “எண்ட்ரி போட்டாச்சு” என்றார்கள். நாங்களும் “நல்லது, இனி அவங்க பார்த்துக்குவாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இரண்டு கிழமை போனது. அடித்தவர் பீலிக்கரையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகுதான் நாங்கள் கூடப் போய் விசாரித்தோம். எழுதியிருந்தது சிறு முறைப்பாட்டுப் புத்தகத்தில். ‘அயலவர் இருவருக்குள் வாய்த் தர்க்கம், எதிராளியை எச்சரித்து விடும்படி கேட்கிறார்’ என்று இருந்தது. பொல்லைப் பற்றியோ கை முறிந்ததைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

பொலிசை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. மகன் போன நேரத்தில் எக்ஸ்ரே எடுத்திருக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது, அந்த அம்மா “படியில் வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். வெட்கம், பயம், ஒரே லயத்தில் இருக்க வேண்டுமே என்ற யோசனை. டொக்டர் அதைத்தான் எழுதினார். அடிபட்டது என்று தெரிந்தால் ஆஸ்பத்திரிப் பொலிசுக்கு அறிவித்து வாக்குமூலம் எடுத்திருப்பார்கள், சட்ட வைத்திய அதிகாரியும் பார்த்திருப்பார். ‘விழுந்தேன்’ என்ற அந்த ஒரு சொல்லால் எல்லா வழியும் அடைபட்டுப் போனது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம், 109 ஆம் பிரிவு. அந்த இலக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது உதவும். குற்றம் பற்றிய தகவலை வாயாலும் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். வாயால் சொன்னால், சொல்கிற பாஷையிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். தமிழில் எழுத அங்கே ஆள் இல்லை என்றால், விரும்பிய பாஷையில் எழுதித் தரும்படி உங்களிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு எழுதத் தெரியாது என்றால் மட்டும், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு பாஷையில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்குகிற பாஷையில் சொல்லிக் காட்ட வேண்டும். இது அவர்கள் செய்கிற தயவு இல்லை, கடமை. நுவரெலியா ஆனாலும் பதுளை ஆனாலும் காலி ஆனாலும் அரச அதிகாரியிடம் தமிழில் அலுவல் பார்க்கிற உரிமை நமக்கு உண்டு என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

ஆகவே நாங்கள் இப்போது எல்லோரிடமும் சொல்வது, வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போங்கள் என்பதுதான். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எழுதினாலும் போதும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் செய்தது, எதால் செய்தது, எங்கே காயம், யார் பார்த்தது. நடந்ததை மட்டும் எழுதுங்கள். கோபத்தில் ஒரு அடியைப் பத்து அடி ஆக்காதீர்கள், அந்த இடத்தில் இல்லாத அவருடைய தம்பியையும் சேர்த்து எழுதாதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பதும் குற்றம். அது மட்டுமில்லை, நாளைக்குக் கோர்ட்டில் நீங்கள் சொல்வதை இந்த முதல் முறைப்பாட்டோடு ஒப்பிட்டுத்தான் எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி கேள்வி கேட்பார். “அன்றைக்குப் பொல்லு என்று சொல்லவில்லையே, இன்றைக்கு ஏன் சொல்கிறாய்?” என்பார்.

வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். கைநாட்டு என்றாலும் அதேதான். பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வைக்க வேண்டாம். புறப்படுவதற்கு முன் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தனையாம் பந்தி, எழுதியவர் பெயர் இலக்கம் என்ன என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தில் பாரதூரமான குற்றங்களுக்கு ஒரு புத்தகம், சின்னக் குற்றங்களுக்கு வேறு, சிறு முறைப்பாடுகளுக்கு வேறு என்று இருக்கிறது. எந்தப் புத்தகத்தில் ஏறியது என்று தெரிந்தால் எவ்வளவு பெரிதாக எடுத்திருக்கிறார்கள் என்றும் விளங்கும். “அடையாள அட்டை இல்லை, அதான் போகல்ல” என்று சிலர் சொல்கிறார்கள். முறைப்பாடு கொடுக்க அது வேண்டும் என்று 109 ஆம் பிரிவில் இல்லை. இருந்தால் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அதற்காக வீட்டில் இருக்காதீர்கள். காலம் பிந்திப் போனது என்றும் விட்டுவிட வேண்டாம். ஏன் பிந்தியது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பொதுவாக 20 ஆண்டு வரை குற்றங்களுக்கு வழக்குத் தொடரலாம், கொலைக்குக் கால எல்லையே இல்லை.

அந்த அம்மாவின் காரியத்துக்கு வருவோம். நிலையப் பொறுப்பதிகாரிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்குப் பிரதி போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். எலும்பு முறிந்தது என்று காட்டும் ஆஸ்பத்திரித் துண்டின் போட்டோ பிரதியையும் வைத்தோம். எலும்பு முறிந்தால் அது தண்டனைச் சட்டக் கோவைப்படி கடுங்காயம், சிறு முறைப்பாடு இல்லை. பத்து நாளைக்குள் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து அந்த அம்மாவிடம் நேரே வாக்குமூலம் எடுத்தார். அதுவரைக்கும் அடி வாங்கியவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. முதலில் ஏன் ‘விழுந்தேன்’ என்று சொன்னார் என்பதையும் அதிலேயே எழுதச் சொன்னோம். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பினார்கள், பிறகு நீதவான் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். தவணை தவணையாக இழுத்தது. அந்தப் படிக்கட்டுக் கதையை எதிர்ப்பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் வாக்குமூலத்தில் காரணம் ஏற்கெனவே இருந்தது, பார்த்த சாட்சியும் இருந்தார். கடைசியில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பாது. நாட்பேருக்கு வேண்டிய கிலோ எடுக்க முடியாமல், இப்போது பிள்ளைக் காம்பிராவில் உதவிக்கு இருக்கிறார்.

இனிப் பெண் பிள்ளைகள் விசயம். சொல்ல நாக்குக் கூசுகிறது, சொல்லாமல் விடவும் முடியாது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கெடுத்தால், பிள்ளை சம்மதித்தது என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. அப்படி இருக்க, கமிட்டி கூடித் தண்டப்பணம் வாங்குகிறது, இல்லாவிட்டால் அவனுக்கே கட்டி வைப்போம் என்கிறது. யாருடைய மானத்தைக் காப்பாற்ற? 1995 இல் செய்த திருத்தத்தின்படி பொதுச் சட்டத்தில் கல்யாண வயது 18. அந்தக் கல்யாணம் செல்லாது. கமிட்டி மன்னித்தாலும் குற்றம் குற்றம்தான். மத்தியஸ்த சபைக்கும் இந்தக் காரியம் போகாது, சபை என்பது சின்னச் சின்ன பிணக்குகளுக்கு.

இப்படி ஒன்று நடந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். உடுப்பை ஷொப்பிங் பேக்கில் போடாமல் கடதாசியில் சுற்றிக் கொண்டு போங்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அங்கிருந்து பொலிசுக்கு அறிவிப்பார்கள். பொலிசில் பெண்கள், சிறுவர் பணியகத்தில் பெண் உத்தியோகத்தரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, அவசரத்துக்கு 119. இந்த மூன்று நம்பரையும் காம்பிராக் கதவுக்குப் பின்னால் கரிக்கட்டியால் என்றாலும் எழுதி வையுங்கள்.

கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன டயகமப் பிள்ளை 2021 இல் எரிகாயங்களோடு இறந்தது எல்லோருக்கும் தெரியும். புதைத்த உடலைக் கோர்ட்டு உத்தரவின்படி தோண்டி எடுத்து இரண்டாம் முறையும் பிரேத பரிசோதனை செய்தார்கள். சந்தேகமான சாவு என்றால் பெட்டி வாங்க ஓடுவதற்கு முன் பொலிசுக்கும் மரண விசாரணை அதிகாரிக்கும் சொல்லுங்கள். மனதில் இருக்கிற சந்தேகத்தை விசாரணையில் வாய் திறந்து சொல்லுங்கள். ‘எல்லாம் முடிஞ்சு போச்சே’ என்று பேசாமல் இருந்துவிட்டால் அதுவும் ஒரு வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும்.

முறைப்பாட்டை எடுக்கவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பினால்? போன நாள், நேரம், பேசியவர் யார் என்பதைக் குறித்துக்கொண்டு, அதே முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் பொறுப்பதிகாரிக்கும் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும் அனுப்புங்கள். தபால் துண்டு பத்திரம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் காரியாலயம் உண்டு, தொலைபேசி 1996. அங்கே போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றம் தருகிற தவணை ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. சட்டத்தரணி மூலம் நேரே நீதவானிடமும் முறையிட வழி உண்டு. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

சாட்சி சொன்னால் மிரட்டுவார்கள் என்று ஓர் அக்கா போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான பயம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது, 2023 இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்திருக்கிறது. மிரட்டுவதே தனிக் குற்றம். மிரட்டிய அன்றைக்கே போய் அதையும் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக ராத்திரி லயத்தில் பயம் போய்விடாது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் தனியாகப் போக வேண்டாம். சங்கத்தில் இரண்டு பேர் கூடப் போங்கள், எங்களுக்கும் ஆள் அனுப்புங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஆளுக்கொரு முறைப்பாடு எழுதிப் பழகுவோம். கொப்பியும் பேனையும் கொண்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கிட்டு வாங்க.