தேக்காவின் ஞாயிற்றுக்கிழமையும் நகர ஆட்சியும்



பல இனத்தார் கூடி வாழும் ஒரு பெருநகரை ஆள்வது எவ்வாறு என்பது இன்றைய உரையின் பொருள். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் இலண்டனுக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்.

நாம் தமிழ்ச்சொல் போலவே வழங்கிவரும் 'தேக்கா', ஹொக்கியன் சீனர் வைத்த பெயர். சிறு மூங்கில்களின் அடிப்பகுதி என்பது அதன் பொருள். அதே இடத்தை மலாய்க்காரர்கள் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்றழைத்தார்கள். தொழுவங்கள் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது; கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும் மட்டும் எஞ்சியுள்ளன. மற்றொரு நினைவுச்சின்னமும் உண்டு. 1966ஆம் ஆண்டு ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனையாகப் பதிவான மகப்பேற்று மருத்துவமனை அந்தத் தொழுவத்தின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. எல்லா இனத்துச் சிங்கப்பூரரும் எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்களே என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். சற்று நடந்தால் 1855இல் எழுந்த ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயம், அங்குலியா பள்ளிவாசல், ரேஸ் கோர்ஸ் சாலையில் ஃபூச்சோ மெதடிஸ்ட் தேவாலயம், சாக்கிய முனி புத்தர் ஆலயம் என்று ஒன்றையடுத்து ஒன்று வரும். இவ்வட்டாரம் 1989இல் பேணிக் காக்கப்பட வேண்டிய இடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டபோது ஏற்ற பெயர் லிட்டில் இந்தியா. சுற்றுப்பயணிகளுக்கு அது வசதியான பெயர். வரலாற்றுக்குச் சற்றுச் சிறிய சட்டை.

இந்நகரை ஆள்வது யார்? ஒரு காலத்தில் இதற்கு நேரான விடை இருந்தது. 1951 செப்டம்பரில் அரச சாசனத்தால் சிங்கப்பூர் நகரத் தகுதி பெற்றது. 1957 டிசம்பரில் நகராட்சி மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் மேயரானார். இரண்டே ஆண்டுகளில், 1959இல், அம்மன்றம் கலைக்கப்பட்டு அதன் பணிகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன. நகரமும் நாடும் ஒன்றாகிவிட்ட இடத்தில் இரண்டு ஆட்சிகள் எதற்கு என்பது அன்றைய வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் தெருவிளக்கும் வடிகாலும் தேர்தல் மேடையில் பேசப்படும் ஒரு தனி அவை அத்துடன் போயிற்று. வீடமைப்புப் பேட்டைகளை இன்று நகர மன்றங்கள் பராமரிக்கின்றன. மற்றவை அமைச்சுகளிடமும் ஆணையங்களிடமும் உள்ளன.

பன்மையை ஆள்வதற்கு நம் அரசு கைக்கொண்ட வழி, எண்ணிப் பார்த்து இடம் ஒதுக்குவது. 1988இல் குழுத்தொகுதி முறை வந்தது. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவரேனும் நிற்க வேண்டும். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு வீவக புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டையும் மலாய்க்காரர் 25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. இந்தியரும் பிறரும் என்ற பிரிவுக்கு அன்று 13 விழுக்காடு; 2010 முதல் 15. வீட்டை விற்க முனைந்து, வரம்பு நிரம்பிவிட்டதால் வாங்குவோர் வட்டம் சுருங்கி, விலையைக் குறைக்க நேர்ந்தவர்கள் நம் சமூகத்தில் குறைவல்லர். அந்த வலி உண்மை. ஆயினும், இன அடிப்படையிலான சேரிகள் தோன்றாமல் தடுத்த ஏற்பாடு என்ற அளவில் அதை மறுப்பதற்கில்லை என்பதே நம் கருத்து.

இக்கணக்குகள் எல்லாம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியவை. 2020ஆம் ஆண்டில் இந்நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 57 இலட்சம். அவர்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 40 இலட்சத்துச் சொச்சம். எஞ்சிய 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொகுதிக் கணக்கும் புளோக் கணக்கும் அறியா. அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்கள். அவர்களில் தமிழ் பேசுவோர் மிகப் பலர். அவர்களை நாம் காணும் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் பணம் அனுப்ப, கைப்பேசி அட்டை வாங்க, சோறு சாப்பிட, ஊர்க்காரனைப் பார்க்க அவர்கள் தேக்காவுக்கு வருகிறார்கள். அன்று நம்மில் பலர் தேக்காவைத் தவிர்க்கிறோம். 'ஞாயிற்றுக்கிழமையா, வேண்டாம், கூட்டமாக இருக்கும்' என்ற சொல் எத்தனை வீடுகளில் தமிழிலேயே சொல்லப்படுகிறது என்பதை இந்த அவை அறியும். அண்டை புளோக்குகளில் குடியிருப்போருக்குக் குப்பை பற்றியும் இரைச்சல் பற்றியும் குறைகள் உண்டு. அவையும் பொய்யல்ல. ஆனால் குறை சொல்பவருக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார். புல்தரையில் அமர்ந்திருப்பவருக்கு இல்லை.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழகத்திலிருந்து வந்த 33 வயது கட்டுமான ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின் மூண்டது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாடு காணாத கலவரம். காவல்துறை, மருத்துவ உதவி வாகனங்கள் ஐந்து தீக்கிரையாயின. அதிகாரிகள் பலர் காயமுற்றனர். 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் நாடு திருப்பி அனுப்பப்பட்டனர்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை அளித்தது. விபத்தும் அதைப் பற்றிய தவறான புரிதலும் மதுவும் சேர்ந்து மூட்டிய தீ அது என்றும், வேலை, தங்குமிடம் பற்றிய மனக்குறை அதற்குக் காரணமன்று என்றும் அக்குழு கூறியது. அந்த 'தவறான புரிதல்' என்னும் சொல்லில்தான் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். சிக்கியவர் இறந்துவிட்டதை மருத்துவ உதவியாளர்கள் உறுதிசெய்திருந்தார்கள். கூட்டத்தின் கண்ணுக்கோ, சக்கரத்தடியில் கிடப்பவனை விட்டுவிட்டுப் பேருந்து ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் அதிகாரிகள் காப்பாற்றுவதாகத் தோன்றியது. நடந்தது ஒன்று, கண்டது வேறு. வன்முறைக்கு இது சமாதானமாகாது; எரிந்த வண்டிக்குள் இருந்தவர்களும் மனிதர்களே. ஆனால் ஒரு நகரின் ஆட்சி, அந்த நகரிலுள்ள ஒரு கூட்டத்துக்குத் தன் செயலை விளக்கிச்சொல்ல வேண்டிய நேரத்தில் விளக்கம் சென்று சேரவில்லை. இத்தனைக்கும் அக்கூட்டத்தில் பெரும்பாலோரின் மொழி இந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று.

பின்வந்த நடவடிக்கைகள் விரைவானவை. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணிக்கு மேல் நாடெங்கும் பொது இடங்களில் மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அங்கே வார இறுதி முழுதும் தடை. அதே 2015இல், ஆயிரம் படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட தங்குவிடுதிகளுக்கென ஒரு சட்டம் நிறைவேறியது. சாலை அமைதியானது. அமைதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், ஆளப்படுவோர் அங்கே கூட்டமாக மட்டுமே கருதப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

2020இல் கொவிட்-19 வந்தபோது அந்தத் தங்குவிடுதிகளையே அது முதலில் சூழ்ந்தது. ஆண்டிறுதியில் அரசு வெளியிட்ட கணக்கின்படி அங்கிருந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. நாம் வீட்டுக்குள் அடைந்திருந்த சில வாரங்கள் முடிந்த பின்னும், அவர்களுக்கு வெளியே செல்வது அனுமதிக்குரிய செயலாகவே நீடித்தது. 2022 ஜூனில் அந்த அனுமதி பெரும்பாலும் நீக்கப்பட்டது. ஆயினும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குச் செல்ல அப்போது தனி அனுமதி வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு 80,000 பேர் என்பது வரம்பாக இருந்தது. எண்ணி இடம் ஒதுக்கும் நம் வழக்கம் இறுதியில் அவர்களையும் எண்ணியது, தேக்காவுக்கு வரும் வழியில்.

இவ்விடத்தில் கோ. சாரங்கபாணி அவர்களை நினைவுகூர்வது பொருந்தும். திருவாரூரிலிருந்து 1924இல் இங்கு வந்தவர். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இங்கேயே உழைத்தும் ஊர் நினைவிலேயே வாழ்ந்த தமிழர்களைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ளும்படி ஓயாமல் வற்புறுத்தினார். துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்தவர்கள் கைநாட்டு வைத்துக் குடியுரிமை பெற்றார்கள். இந்த அவையில் அமர்ந்திருக்கும் பலரின் பாட்டனார் அவர்களுள் ஒருவராக இருக்கக்கூடும். இன்றைய வேலை அனுமதிச் சீட்டுக்கு அப்படியொரு கதவு கிடையாது; அதை வைத்திருப்பவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. சிறிய நாடு, வரம்பு தேவை என்பதை நாம் ஒப்புகிறோம். குடியுரிமை வேறு, ஒரு நகரில் வாழ்பவனுக்கு அந்நகர் காட்ட வேண்டிய மதிப்பு வேறு. இரண்டாவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

மொழிக்கு வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. அந்த எண்ணைக் கேட்டு நாம் வருந்துகிறோம், கூட்டம் போடுகிறோம். அதில் தங்குவிடுதித் தமிழ் சேரவில்லை. அது குடிமக்கள், நிரந்தரவாசிகளின் கணக்கு. நாளெல்லாம் தமிழிலேயே பேசி, தமிழிலேயே சண்டையிட்டு, தமிழிலேயே ஊருக்குக் கடன் கணக்குச் சொல்லும் மக்கள் நம் எண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள். நம் அரங்குகளுக்கும் வெளியேதான்.

அவர்களுக்காக நாம் எழுதும் தமிழையும் சற்றுப் பார்க்க வேண்டும். 2020இல் நாம் 'முறியடிப்புத் திட்டம்' என்று பெயரிட்டு அழைத்த ஏற்பாடு, அதே மாதங்களில் தமிழகத்தில் 'ஊரடங்கு'. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் தொலைபேசியில் வீட்டோடு பேசும்போது ஒரு சொல், சுவரொட்டியில் மற்றொரு சொல். நம் சொல்லாக்கம் பிழையென்று நாம் கூறவில்லை. நமக்கென்று ஒரு சிங்கப்பூர்த் தமிழ் வளர்ந்திருப்பது பெருமைக்குரியதே. ஆனால் மருந்து, சம்பளம், காயம், இழப்பீடு பற்றிய அறிவிப்புகள் படிப்பவரின் தமிழில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் தங்குவிடுதியில் நால்வரிடம் படித்துக்காட்டினால் போதும், பெரிய செலவில்லை.

அமைச்சுகளுக்காக மொழிபெயர்க்கும் நண்பர்கள் சிலர் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். அத்தகைய அறிவிப்புகள் இப்போது யாருடைய கண்ணுக்குப் பட்டு வெளிவருகின்றன என்பதை அடுத்துவரும் கலந்துரையாடலில் அவர்கள் எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறோம்.