அப்பா ஏன் பேப்பரைக் காட்டவில்லை?

(தலைப்பு: பிள்ளைகள் மனத்தில் நிலைத்து நிற்பது பெற்றோர் வாங்கித் தந்த பொருளா? ஒதுக்கித் தந்த நேரமா? ‘நேரமே’ அணியில் பேசியது.)



எதிரணித் தம்பி உருக்கமாப் பேசினாரு. ஆறாம் வகுப்பிலே அப்பா வாங்கித் தந்த சைக்கிளை மறக்கவே முடியாதுன்னாரு. தம்பி, ஒரே ஒரு கேள்வி. அதை ஓட்டக் கத்துக்கிட்டப்போ, சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்தது யாரு? சைக்கிள் கடைக்காரரா? (கைதட்டல்)

உங்களையெல்லாம் அமெரிக்கா வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். பயப்படாதீங்க, விசா வேண்டாம்! (சிரிப்பு)

டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் என்று ஒரு வரலாற்று ஆசிரியை. 1995இல் புலிட்சர் பரிசு பெற்றவர். ஸ்பீல்பெர்க்கின் ‘லிங்கன்’ படத்துக்கு இவருடைய புத்தகமும் ஓர் ஆதாரம். இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு முதல் பள்ளிக்கூடம் எது தெரியுமா? பேஸ்பால்!

அப்போ அவருக்கு ஆறு வயசு. அப்பா வங்கிகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்தார். பகலில் மேட்ச் நடக்கும்போது அவர் ஆபீஸில். அதனாலே மகளுக்கு ஸ்கோர் எழுதக் கத்துக்கொடுத்தார். அதுவே ஒரு தனிக் கணக்கு. களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு எண். ஆறாம் எண்காரர் பந்தைப் பொறுக்கி மூன்றாம் எண்காரருக்கு எறிந்து எதிரியை அவுட்டாக்கினால், ‘6-3’ என்று எழுதணும்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ்தான் அவர்கள் அணி. சிறுமி ரேடியோவைக் கேட்டு நோட்டில் எழுதி வைப்பாள். சாயந்திரம் அப்பா வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தாகச் சொல்லுவாள். இரண்டு மணி நேரம்! முதலில் எல்லாம், ‘ஜெயிச்சுட்டோம்பா!’ன்னு எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைச்சுடுவாளாம். அப்புறம்தான், கதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொன்னால்தான் அப்பா ரசித்துக் கேட்பார் என்று புரிந்தது. கதை சொல்லும் கலையை அங்கேதான் கற்றேன் என்கிறார் அந்த அம்மா.

இதிலே ஒரு ரகசியம். மறுநாள் பேப்பரில் முழு ஸ்கோரும் வந்துவிடும். அப்பா அதை மகளிடம் சொல்லவே இல்லை! ‘நான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு மேட்சே தெரியாது’ என்று நம்பிக்கொண்டிருந்தாள் அந்தக் குழந்தை. பைசா செலவில்லாமல் ஒரு தகப்பன் தன் பெண்ணை ராணியாக்கிவிட்டான்! (பலத்த கைதட்டல்)

எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்துக்கும் அப்பாவோடு போனாள். பலமுறை இறுதிச் சுற்றில் தோற்ற அந்த அணி, 1955இல் யாங்கீஸை வென்று பட்டம் வாங்கியது. 1957 சீசன் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. 1960இல் மைதானத்தையே இடித்து, பிறகு குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். அணி போச்சு, மைதானம் போச்சு, காலப்போக்கில் அப்பாவும் போயாச்சு. எது மிச்சம்? பின்னாளில் பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்கும்போது கண்ணை மூடுவாராம், பக்கத்தில் அப்பா. கண்ணைத் திறந்தால், அதே இடத்தில் தாத்தாவின் முகத்தையே பார்த்திராத பேரப்பிள்ளைகள்!

‘வேலைக்குப் போறவனுக்கு நேரம் ஏதுங்க?’ன்னு எதிரணி கேட்குது. அந்த அப்பாவும் வேலைக்குப் போய் அலுத்துத்தானய்யா வந்தாரு!

நடுவர் அவர்களே, என் கதையையும் சொல்லிடறேன். ஒருநாள் ராத்திரி வீட்டுக்குள்ளே நுழையறேன். என் பொண்ணு ஓடி வந்து, “அப்பா, கடைசி ஓவர்ல என்னாச்சு தெரியுமா?”ன்னா. நான் செருப்பைக்கூடக் கழற்றலை. “தெரியும்மா, பஸ்லயே செல்போன்ல பார்த்துட்டேன்”னேன். அவ்வளவுதான். முகம் சுருங்கி உள்ளே போயிட்டா. அடுத்த மேட்சுக்கு அவ ஓடி வரலை.

அதுக்கடுத்த மேட்ச் அன்னிக்கு நானே போய் உட்கார்ந்தேன். “எனக்கு ஒண்ணும் தெரியாது, முதல் பந்திலேருந்து சொல்லு”ன்னேன். சந்தேகமாப் பார்த்தா. “நெஜமாவே போன்ல பாக்கலையா?”ன்னா. போனை எடுத்து அவ கையிலேயே கொடுத்துட்டேன். சொல்ல ஆரம்பிச்சா பாருங்க... தட்டுல சோறு ஆறிப்போச்சு. வீட்டுக்காரி திட்டினா. ஆனா, நான் வாங்கித் தந்த எந்தப் பொம்மைக்கும் வராத சிரிப்பு அன்னிக்கு அவ முகத்துல வந்தது!

ஆகவே நடுவர் அவர்களே, பொருளுக்கு ரசீது இருக்கும். நேரத்துக்கு ஞாபகம் இருக்கும். ரசீது கிழிஞ்சுபோகும், ஞாபகம் பேரன் பேத்தி வரைக்கும் போகும். பிள்ளைகள் மனத்தில் நிற்பது நேரமே, நேரமே என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)