விவியன் குணவர்தன: வழக்குப் போட்ட பெண்

(பொகவந்தலாவையில் நடந்த மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். நீட்டாமல் பேசுகிறேன்.

1983 மார்ச் 8. இதே மகளிர் தினம். கொழும்பில் பெண்கள் ஊர்வலமாகப் போய் அமெரிக்கத் தூதரகத்தில் மனுக் கொடுத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் விவியன் குணவர்தன. லங்கா சமசமாஜக் கட்சியின் முன்னணித் தலைவர். மூன்று தடவை பாராளுமன்றம் போனவர். அப்போது வயது 66. அவரைக் கொள்ளுப்பிட்டி பொலிசார் கைது செய்தார்கள். கீழே தள்ளி உதைத்தார்கள் என்று அவர் முறையிட்டார்.

நம்மில் ஒருத்திக்கு இது நடந்தால்? தலைவரிடம் சொல்வோம். தலைவர் ஓ.ஐ.சி.யிடம் பேசுவார். சமாதானமாகப் போ என்பார்கள்.

விவியன் சமாதானமாகப் போகவில்லை. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கைது சட்டவிரோதம், 2,500 ரூபாய் நட்டஈடு. அரசாங்கம் என்ன செய்தது? நட்டஈட்டைப் பொதுப்பணத்தில் கட்டிவிட்டு, அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது! தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளின் வீட்டு வாசலில் காடையர்கள் போய்த் தூஷணம் பேசினார்கள். அடுத்த மாதம் காடையர்கள் யார் யார் வாசலுக்கு வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் துணிச்சல் அவருக்குத் திடீரென்று வந்ததல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே சூரியமல் இயக்கத்தில் பூ விற்றவர். சூரியமல் என்றால் நம்முடைய பூவரசம்பூதான். தகப்பன் எதிர்க்க எதிர்க்க, கட்சித் தோழர் லெஸ்லி குணவர்தனவைக் கலியாணம் முடித்தார். யுத்த காலத்தில் கட்சியைத் தடை செய்ததும் இந்தியாவுக்குத் தப்பிப்போய், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் தலைமறைவாக வேலை செய்தார். 1956இல் கொழும்பு வடக்கில் வென்று பாராளுமன்றம் போனார்.

இனி நமக்குக் கசப்பான பக்கம். பாராட்டுக் கூட்டமென்று இதை விழுங்கிவிட முடியாது.

1940இல் முல்லோயாவில் கோவிந்தனைப் பொலிசார் சுட்டபோது, அவர் மனைவிக்காக விசாரணைக் கமிஷனில் வாதாடியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1948இல் நமது பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தையும் அந்தக் கட்சி எதிர்த்தது. 1931இல் வாக்குக் கிடைத்த நம் பாட்டிமார், அந்தச் சட்டத்துக்குப் பிறகு நாடற்றவர்கள் ஆனார்கள்.

அதே கட்சி 1964 ஜூனில் சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். கையெழுத்துப் போட்டவர் உலகத்தின் முதல் பெண் பிரதமர். எழுபதுகளின் தொடக்கத்தில் பெருந்தோட்ட அமைச்சர் யார்? கோவிந்தன் மனைவிக்காக வாதாடிய அதே கொல்வின். அந்த ஆட்சியில்தான் லயங்களில் பஞ்சம் வந்தது. நம் அம்மாமார் கீரையும் கிழங்கும் தேடி அலைந்த காலம். விவியனும் அப்போது ஆளும் தரப்பில் இருந்தார்.

அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. பொலிஸ் நிலையத்தில் தனக்காக எழுந்து நின்ற பெண்ணும் கட்சிக்குள் கட்சிக்குக் கட்டுப்பட்டவர்தான். நமக்கு வேண்டியதை இன்னொரு வீட்டுப் பெண் கேட்டு வாங்கித் தருவாள் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது தோட்டத்தில் 1984இல்தான் வந்தது. அதுவரை ஒரே மலை, ஒரே வெயில், பெண்ணுக்குக் குறைந்த பேர்க்காசு. வேலை நிறுத்தத்தில் நின்றுதான் அதை வாங்கினோம்.

நம் சங்கத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர், தோட்டத் தலைவர்களில் பெண்கள் எத்தனை பேர்? மாதர் தலைவி என்று ஒருத்தியை வைத்து, மாலை போடவும் ஆரத்தி எடுக்கவும் கூப்பிடுகிறோம். கமிட்டிக் கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு வைக்கிறோம். அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு எவள் வருவாள்?

அடுத்த கமிட்டியை ஞாயிறு பகலில் வைக்கச் சொல்லிப் பிரேரணை எழுதி வைத்திருக்கிறேன். வழிமொழிய ஐந்து பேர் வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் போகுமுன் முன்னால் வாருங்கள்.