எண் கையில் இருக்கு, யாரைக் கேட்பது?

(பொது நூலகம் ஒன்றில் ஆய்வு மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் நூலகர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் நூலகத்துக்கு ஒருநாள் ஆய்வு மாணவி ஒருத்தர் வந்தாங்க. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. சமர்ப்பிக்க மூணே வாரம். "சார், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே காணோம். ரெண்டு நாளா போன்ல தேடுறேன்" என்றார்.

காணாமல் போகவில்லை. 2011-ல் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்றைக்கு 38. கள்ளக்குறிச்சியை விழுப்புரத்திலிருந்து பிரித்தது 2019-ல். 2011 கணக்கில் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,873 என்று இருக்கிறதே, அதற்குள் கள்ளக்குறிச்சியும் அடக்கம். இப்படிப்பட்ட இடத்தில் தாலுகா வாரியான அட்டவணையை எடுத்துக் கூட்ட வேண்டும். தாலுகாவும் இடையில் பிரிந்திருந்தால் கிராம வாரியாகப் பார்க்க வேண்டும். அதைக் காட்டியதும் அவருக்கு நிம்மதி.

ஆனால் அவர் எழுதியதைப் புரட்டியபோது வேறொரு வரி கண்ணில் பட்டது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு 943 பெண்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 1,020. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'பத்தே ஆண்டில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களை மிஞ்சிவிட்டது' என்று எழுதியிருந்தார். இரண்டுமே அரசு எண்கள்தான். எண் தப்பில்லை, ஒப்பிட்டது தப்பு.

கணக்கெடுப்பு நாட்டில் உள்ள எல்லாரையும் எண்ணுவது. குடும்பநல ஆய்வு, தேர்ந்தெடுத்த சுமார் 6.37 லட்சம் வீடுகளில் செய்தது. அந்த வீட்டில் முந்தின இரவு தங்கியவர்களை வைத்துப் போட்ட விகிதம் அது. வெளியூர் வேலைக்குப் போய் விடுதியிலும் முகாமிலும் தங்கியிருக்கும் ஆண்கள் அதில் விடுபடுவார்கள். இதை எனக்கும் தெளிவாகச் சொல்லித் தந்தவர் ஒரு கல்லூரிப் புள்ளியியல் பேராசிரியர். மாணவியை அவரிடம்தான் அனுப்பினேன். அரை மணி நேரப் பேச்சு, வரி மாறியது. மாறாமல் போயிருந்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. எண் கிடைக்காவிட்டால் நாம் கேட்போம். கிடைத்துவிட்டால் கேட்க மாட்டோம். தப்பு நடப்பது அங்கேதான். அதனால் முடித்த பிறகு போகாதீங்க; தொடங்கும்போதே தெரிந்தவரிடம் போங்க.

சரி, யாரிடம் போவது?

எந்தத் தரவு எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டுமா? முதலில் நூலகரைக் கேளுங்க. அது எங்கள் வேலைதான், தயங்க வேண்டாம்.

மாவட்ட அளவு விவரமா? நம் மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு மாவட்டம்தோறும் அலுவலகம் இருக்கு. மழையளவு, சாகுபடிப் பரப்பு, பள்ளிகள் எல்லாம் மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் வரும். அந்த எண்ணை எப்படித் திரட்டினார்கள் என்பதை அங்கே உள்ளவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

மக்கள்தொகைக் கணக்கு பற்றிய சந்தேகமா? சென்னையில் அதற்கான இயக்ககம் இருக்கு.

எதை எதோடு ஒப்பிடலாம், எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்ற கேள்வியா? பக்கத்துக் கல்லூரியின் புள்ளியியல் துறைக்குப் போங்க.

மென்பொருள் தெரியவில்லையா? மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்டவணை போடுவதிலிருந்து தொடங்கலாம்.

வெளியிடப்படாத விவரம் வேண்டுமென்றால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. கட்டணம் 10 ரூபாய், பொதுவாக 30 நாளில் பதில். ஒன்றை நினைவில் வைங்க: அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தருவார்கள், உங்களுக்காகப் புதிதாக ஆராய்ந்து விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. விளக்கத்துக்கு ஆளைத்தான் பார்க்கணும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீங்க. நாலு விஷயத்தை போனில் குறித்து வைங்க. உங்கள் கேள்வி, ஒரே வரியில். கோப்பை எங்கே எடுத்தீர்கள். எந்தத் தேதியில் எடுத்தீர்கள். அட்டவணையின் தலைப்பும் அடிக்குறிப்பும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட். இவ்வளவு இருந்தால் கேட்பவருக்கும் சுலபம், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

போனில் பெரிய அட்டவணையைத் திறந்தால் பாதிப் பத்திகள் திரைக்கு வெளியே நிற்கும். அடிக்குறிப்பு கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். விஷயமே அங்கேதான் இருக்கும். எழுத்தறிவு விகிதத்தையே எடுத்துக்கங்க. கணக்கெடுப்பில் அது 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கையில் வரும் பெண்கள் எழுத்தறிவு 15 முதல் 49 வயது வரை. பெயர் ஒன்று, அளவு வேறு. ஆகவே தேடுவதைப் போனில் செய்யுங்க. படிப்பதைப் பெரிய திரையில் செய்யுங்க. நூலகத்தில் கணினி இருந்தால் கேட்டுப் பயன்படுத்துங்க.

இது ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. கிராமசபையில் பேசுகிறவரும், வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளிவிவரத்தை அனுப்புகிறவரும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: எந்த ஆண்டு? யாரை எண்ணினார்கள்? எந்த எல்லைக்குள்?

பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் தெரியாமல்தான் பேராசிரியரிடம் போனேன். எல்லாம் தெரிந்தவர் யாருமில்லை. எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.