தலீலும் ஹக்கும்

 

மதரஸாக்களில் 'மன்திக்' எனும் தருக்கக் கலைக்குரிய தொடக்க நூல்களுள் ஒன்று 'ஈஸாகோஜி'. ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டில் இமாம் அதீருத்தீன் அப்ஹரீ (ரஹ்) அவர்கள் இயற்றியது. நாம் அன்றாடம் ஒன்றெனக் கருதிக் குழப்பும் சொற்களை இக்கலை பிரித்துக் காட்டுகிறது.

'தலீல்' என்பது சான்று. வழிகாட்டுவது என்பதே அதன் நேர்ப்பொருள். வழிகாட்டுவதே ஊராகிவிடாதல்லவா? கூற்றுகளை முறைப்படி கோத்து முடிவு காண்பது 'கியாஸ்'. கோத்த முறை 'ஸூரத்'. கோக்கப்பட்ட பொருள் 'மாத்தா'. முறையும் சரியாகி, கூற்றுகள் யாவும் உறுதியானவையாகவும் இருந்தாலன்றி அது 'புர்ஹான்' ஆகாது. புர்ஹானே 'யகீன்' எனும் ஐயமற்ற உறுதியைத் தரும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு மஹல்லாவில் பள்ளி உண்டியலில் பணம் குறைந்தது. சாவியின்றி உண்டியல் திறவாது. சாவி மோதினாரிடம் மட்டுமே உள்ளது. ஆகவே எடுத்தவர் அவரே என்றனர். ஸூரத்தில் குறையே இல்லை. மன்திக் ஓதிய நாமும் அக்கூட்டத்தில் வாய்மூடி அமர்ந்திருந்தோம். பூட்டு வாங்கினால் இரண்டு சாவிகள் வரும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். மற்றொரு சாவி முன்னாள் நிர்வாகி ஒருவரின் வீட்டு அலமாரியில் கிடந்தது பின்னரே வெளியாயிற்று. அதற்குள் மோதினார் குடும்பத்துடன் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

எடுத்தவர் யாரென்பது இன்றளவும் தெரியாது. கூற்று உடைந்ததால் முடிவு பொய்யென்று ஆகிவிடாது, நிறுவப்படாததாகிறது, அவ்வளவே. ஆனால் நிறுவப்படாத வரை மனிதன் பொறுப்பிலிருந்து நீங்கியவன் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. அதனையும் நாம் ஓதியிருந்தோம்.

சொல் நிகழ்ந்ததற்கு ஒத்திருக்கையில், சொல்லின் பக்கமிருந்து நோக்கினால் 'ஸித்கு'; நிகழ்ந்ததன் பக்கமிருந்து நோக்கினால் 'ஹக்கு' என அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) அவர்கள் 'ஷரஹுல் அகாயித்' நூலில் வேறுபடுத்துகிறார்கள். தமிழிலும் வாயிலிருந்து வருவது வாய்மை, உள்ளது உண்மை.

வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை மிக்கவராயிருக்கலாம் என்றும், தாம் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், அதனால் பிறர் உரிமையைப் பெற்றவர் பெற்றது நெருப்புத் துண்டே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. தீர்ப்பினால் ஹக்கு இடம் மாறுவதில்லை.

மன்னிப்புக் கோரி அம்மோதினாருக்கு நாம் எழுதிய கடிதத்திற்கு இன்னும் பதில் வரவில்லை. வஸ்ஸலாம்.