வரிசையும் வெறுவெளியும்

1842ஆம் ஆண்டில் மானிப்பாயில் அச்சேறிய தமிழகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. மானிப்பாய் அகராதி என்றே அது பெயர் பெற்றது. அத்தனை சொற்களையும் வரிசைப்படுத்தியதனால் எந்தச் சொல்லின் பொருளும் மாறிவிடவில்லை. வரிசை தேடுவார்க்கு வசதி, அவ்வளவே. அணுவினும் நுண்ணியவற்றை ஆராயும் பௌதிகத்திலோ வரிசை மாறினால் விடையே மாறும்.

பனையோலைக் கடகம் ஒன்றை நினைத்துக்கொள்க. அதில் மாங்காய் ஒன்றை இடுவது ஒரு செயல், எடுப்பது மற்றொன்று. வெறுங் கடகத்தில் இட்டபின் எடுக்கலாம். எடுத்தபின் இடுதல் இயலாது, எடுப்பதற்கு அங்கே எதுவுமில்லை. துணிக்கைகளுக்கும் இவ்வாறே ஆக்கற்செயலி, அழித்தற்செயலி என இரண்டுண்டு. ஒளியை இம்முறையில் 1927இல் ஆராய்ந்தவர் டிராக். கேம்பிரிட்ஜில் அவரிடம் ஆராய்ச்சி பயின்றவருள் யாழ்ப்பாணத்துக் கணித அறிஞர் சி. ஜே. எலியேசரும் ஒருவர்.

ஒளியின் சத்தியைக் கணிக்கும்போது இருவகை வரிசையும் சம பங்காக வருகின்றன. ஆகவே துணிக்கை ஒன்றேனும் இல்லாத வெறுவெளியிலும் ஒவ்வோர் அலைவுக்கும் அரைச் சொட்டுச் சத்தி எஞ்சுகிறது. அலைவுகளோ எண்ணிறந்தன; கூட்டினால் முடிவிலி. இதற்குக் கண்ட வழியே இயல்பு வரிசை. ஆக்கற்செயலிகளை இடப்புறமும் அழித்தற்செயலிகளை வலப்புறமும் எழுதுவர். வலப்புறத்தது முன்னர்ச் செயற்படும். வெறுவெளியில் அழிப்பதற்கு எதுவுமின்மையால் விடை பூச்சியமாகும்.

வங்காளத்துச் சத்தியேந்திரநாத் போசின் பெயர் கொண்ட துணிக்கைகள் ஒரே நிலையில் எத்தனையும் கூடும். அவற்றின் செயலிகளை இவ்வாறு இடம் மாற்றி எழுதுகையிற் குறி மாறாது. இலத்திரன் போன்ற பேர்மித் துணிக்கைகளுக்கு ஒரு நிலையில் ஒன்றுக்கே இடம். ஆதலின் ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் ஒரு கழித்தற்குறி சேரும். அவற்றுக்குரிய இவ்விதியை 1928இல் யோர்டானும் விக்னரும் வகுத்தனர். 1950இல் இத்தாலியரான விக், கால ஒழுங்கில் அமைந்த செயலிப் பெருக்கங்களை இயல்பு வரிசையில் விரித்தெழுதும் தேற்றத்தைத் தந்தார்.

அங்ஙனமாயின் நீக்கிய அரைச் சொட்டு வெறும் பொய்யா? 1948இல் ஒல்லாந்தரான கசிமிர், மிக நெருங்கிய இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்குமென, வெறுவெளிச் சத்தியின் வேறுபாட்டைக் கொண்டே கணித்தார். 1997இல் அவ்விசை நுட்பமாக அளந்தறியப்பட்டது. தொடக்கப் புள்ளியை மாற்றலாம், வேறுபாட்டை மாற்றவியலாது. ஈர்ப்போ வேறுபாட்டை மட்டுமன்றி முழுச் சத்தியையும் கணக்கிற் கேட்கும். அங்கே இவ்விடர் இன்றுந் தீரவில்லை. ஏட்டில் ஒரு வரியை அடித்துவிடலாம். கடன் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி.