கொடியும் நிறமும்

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நிறம் கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. அது ஒரு மொழியுமாகும். நெற்பயிரின் இலை வெளிறி மஞ்சளாயின், பசளை போதவில்லை என்பதைக் கமக்காரர் கண்டுகொள்கின்றனர். கறுப்பு அங்கியைக் கண்டதும், வழக்குரைக்க வந்தவர் இவரென நீதிமன்றிலே யாவரும் அறிகின்றனர். எழுத்தறியாதாரும் நிறத்தை அறிவர். ஆகவேதான் 1931ஆம் ஆண்டிலே சர்வசன வாக்குரிமையின்படி அரசாங்க சபைத் தேர்தல் நடந்தபோது, அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைக்கப்பட்டது. மக்கள் நிறத்தைப் பார்த்தே சீட்டை இட்டனர்.

ஆயினும், நிறத்துக்குத் தனியே ஒரு பொருள் உண்டோ? இல்லை. வெள்ளை உடுத்து நாம் மரண வீட்டுக்குச் செல்கின்றோம். கிறித்தவ மணமகளோ வெள்ளை உடுத்தே மணக்கோலம் கொள்கின்றாள். நிறம் ஒன்றே; வழக்கம் அதற்கு வெவ்வேறு பொருளைத் தருகின்றது.

வழக்கத்தைப் போலவே இடமும் பொருள் தரும். பாரிசு நகரத்துக் கோபெலின் நெசவுச்சாலையிலே சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர். கறுப்பு நூல் மங்கித் தோன்றுகின்றதென அவரிடம் முறைப்பாடு வந்தது. ஆராய்ந்தார், சாயத்திலே குற்றமில்லை. அயலிலே நின்ற நீலமும் ஊதாவுமே கறுப்பின் வலுவைக் குறைத்தன. அயல் நிறமே ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றுமென 1839ஆம் ஆண்டிலே அவர் நூலெழுதி நிறுவினார்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு நம் நாட்டின் கொடியைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டிலே திரு. பண்டாரநாயக்கா தலைமையில் கொடிக்குழு அமைக்கப்பட்டது. சிங்கக் கொடியுடன் இரு கீற்றுகளைச் சேர்க்க அது விதந்துரைத்தது. பச்சை முஸ்லிம்களையும், செம்மஞ்சள் தமிழரையும் குறிக்குமாம். குழுவிலிருந்த செனட்டர் நடேசன் அதற்கு உடன்படாது தம் மறுப்பைப் பதிந்தார். 1951ஆம் ஆண்டிலே கொடி ஏற்கப்பட்டது.

நிறம் கிடைத்தது, இடம் எங்கே கிடைத்தது? செந்நிலத்தின் நடுவே வாளேந்திய சிங்கம் நிற்கின்றது. கீற்றுகளோ அந்நிலத்துக்குப் புறத்தே, மஞ்சட் கரையால் பிரிக்கப்பட்டு நிற்கின்றன. சிங்கத்தின் முகமும் அவற்றை நோக்கியே இருக்கின்றது.

கம்பத்தை அடுத்த பக்கமே கொடியில் மதிப்புக்குரிய இடமென்று சிலர் விடை கூறுவர். கொடிக்கலையில் அவ்வாறொரு மரபு இருப்பது மெய்யே. ஆனால், கொடியைக் காணும் பிள்ளை அம்மரபைப் படித்துவிட்டு வருவதில்லை. உள்ளே நிற்பது எது, வெளியே நிற்பது எது என்பதையே அதன் கண் முதலிற் காண்கின்றது.

1972ஆம் ஆண்டிலே மீண்டும் கொடி திருத்தப்பட்டது. சிங்கம் நிற்கும் நிலத்தின் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் இடம்பெற்றன. கீற்றுகள் நின்ற இடத்திலேயே நின்றன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே 6ஆம் உறுப்புரை கொடிக்குச் ‘சிங்கக் கொடி’ என்றே பெயர் சொல்கின்றது. கீற்றுகள் எவரைக் குறிக்கின்றன என்று அவ்வுறுப்புரையிலே ஒரு சொல்லுமில்லை. எழுத்திலே இல்லாத விளக்கம் உரிமையாகாது. எழுதியவரே அதை மறக்கலாம், மறுக்கலாம்.

அன்பர்களே! எந்த இனத்தின் நிறத்தின் மீதும் நமக்குப் பகையில்லை. சிங்கத்தை அகற்றுக என்பதும் நம் வழக்கன்று. ஒரே நிலத்திலே எல்லோரும் நிற்க வேண்டும் என்பதே நம் வழக்கு. இனியொரு யாப்பு வரையப்படும்போது, நமக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அதை எங்கே வைத்தார்கள் என்றும் கேளுங்கள். சட்டத்தின் வாசகத்தைப் படிப்பதுபோல, அதன் அட்டவணையிலுள்ள படத்தையும் படியுங்கள்.

வரம்பிலே நிற்பவனுக்கும் வயலிலே நிற்பவனுக்கும் உள்ள வேற்றுமையைக் கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை.